ஆறு மாதக் கணக்கு நோட்டு யார் கையில் இருக்கிறது?

போன மாதம் மரக்காணத்துக்குப் போயிருந்தபோது எங்கள் தெருப் பெண் ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். முனைவர் பட்ட ஆய்வுக்குப் பதிவு செய்திருக்கிறாள். எங்கள் தெருவில் எனக்கு அடுத்து அவள்தான். பதிவுக் கடிதத்தை நீட்டி, "அண்ணா, ஆறு மாசத்துக்கு ஒரு தடவை டிசி மீட்டிங்னு போட்டிருக்கு. அதுல என்ன கேப்பாங்க? திருப்தி இல்லன்னா வெளிய அனுப்பிடுவாங்களா?" என்றாள்.

டிசி என்றால் டாக்டரல் கமிட்டி. யுஜிசி விதியில் அதற்குப் பெயர் ஆய்வு ஆலோசனைக் குழு. நான் சேர்ந்தபோது இதையெல்லாம் கேட்க எனக்கு யாரும் இல்லை. பேராசிரியர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இவையெல்லாம் சாப்பாட்டு மேசையிலேயே தெரிந்துவிடும். நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். அந்தக் கதையைத்தான் அவளுக்குச் சொன்னேன்.

என் அப்பாவும் அம்மாவும் உப்பளத் தொழிலாளர்கள். தை, மாசியில் பாத்தி மிதிப்பதில் தொடங்கி, மழை பிடிக்கும்வரை வேலை இருக்கும். ஐப்பசி முதல் மார்கழி வரை வேலை கிடையாது. அந்த மாதங்களுக்கென்று அரசு இப்போது குடும்பத்துக்கு 5,000 ரூபாய் தருகிறது. மீதியை முன்பணம் வாங்கித்தான் ஓட்ட வேண்டும். எத்தனை நாள் வேலைக்கு வந்தோம், எவ்வளவு முன்பணம் வாங்கினோம் என்று மேஸ்திரி ஒரு நோட்டில் எழுதுவார். அந்த நோட்டை எங்கள் வீட்டில் யாரும் பார்த்ததில்லை. ஒரு வருடம் கணக்கில் தகராறு வந்த பிறகு, அம்மா நாள்காட்டித் தாளில் வேலைக்குப் போன நாளுக்கெல்லாம் ஒரு கோடு போட ஆரம்பித்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர் அவர்.

எம்.எஸ்சி. படித்த எனக்கு அந்தப் புத்தி வரவில்லை.

என் முதல் டிசி கூட்டத்தில் குழு உறுப்பினர் ஒருவர் கேட்ட முதல் கேள்வி ஆய்வைப் பற்றியது அல்ல. "அப்பா என்ன பண்றார்?" உப்பளம் என்றேன். "அப்ப கெமிஸ்ட்ரி ரத்தத்துலயே இருக்கு" என்றார். மூவரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் கூசுகிறது. இரண்டாவது கூட்டம் 2024 டிசம்பர் முதல் வாரத்தில். நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடந்தது. எங்கள் உப்பளங்கள் கடலோடு கடலாகக் கிடந்தன. தெருவில் தண்ணீர், மின்சாரம் இல்லை. தயாரிக்காமல்தான் போய் நின்றேன். "போதிய முன்னேற்றம் இல்லை" என்று வாயால் சொன்னார்கள். என்ன குறை, எதைத் திருத்த வேண்டும் என்று தாளில் எதுவும் தரவில்லை. சில மாதம் கழித்து உதவித்தொகையைப் புதுப்பிக்க முன்னேற்றச் சான்று கேட்டபோது, "கமிட்டிக்குத் திருப்தி இல்லையே" என்றார் கைடு. பணம் எட்டு மாதம் தாமதமானது. அந்த எட்டு மாதமும் வீட்டில் முன்பணக் கணக்குதான் ஏறியது. பல்கலைக்கழகத்தின் பெயர் இங்கே தேவையில்லை. எதை எடுத்தாலும் கதை பெரிதாக மாறிவிடாது.

அதன் பிறகுதான் விதியை எடுத்துப் படித்தேன். யுஜிசியின் முனைவர் பட்ட ஒழுங்குமுறைகள், 2022 நவம்பரில் அறிவிக்கப்பட்டவை. ஆய்வாளருக்கான கடமைகளை எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள்: குறைந்தது 12 கிரெடிட் கோர்ஸ் ஒர்க், அதில் 55 சதவீத மதிப்பெண், ஒவ்வொரு செமஸ்டரும் குழுவின் முன் விளக்கம், குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஆறு ஆண்டு. மறுபதிவு செய்தால் மேலும் இரண்டு ஆண்டு. பெண்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் அதற்கு மேலும் இரண்டு ஆண்டு. மகப்பேறு, குழந்தை வளர்ப்புக்கு 240 நாள் வரை விடுப்பு.

அதே விதியில் இன்னொரு பாதி இருக்கிறது. குழுவின் பரிந்துரை நகலை ஆய்வாளருக்குத் தர வேண்டும். முன்னேற்றம் திருப்தியாக இல்லையென்றால் காரணத்தைக் குழு பதிவு செய்ய வேண்டும், திருத்த வழியும் சொல்ல வேண்டும். அந்த வழியை ஆய்வாளர் நிறைவேற்றத் தவறினால் மட்டுமே, அதுவும் குறிப்பான காரணங்களோடுதான், பதிவை ரத்து செய்யப் பரிந்துரைக்கலாம். ஆய்வு முறையை வடிவமைக்க உதவுவதும், என்ன கோர்ஸ் படிக்க வேண்டும் என்று அடையாளம் காட்டுவதும் குழுவின் வேலை என்றே எழுதியிருக்கிறது. மதிப்பிட மட்டும் உட்கார்ந்தவர்கள் அல்ல அவர்கள். எனக்கு அந்த இரண்டாம் பாதியை யாரும் காட்டவில்லை. மேஸ்திரியின் நோட்டு மாதிரிதான்.

இது என் ஒருவனின் புலம்பல் என்று நினைக்க வேண்டாம். ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகம் என்றதும் நமக்கு ரோகித் வெமுலா நினைவுக்கு வருவார். 2016 ஜனவரி 17 அன்று இறந்தபோது அவருக்கு ஏழு மாத உதவித்தொகை நிலுவையில் இருந்தது. அவருக்கு எட்டு ஆண்டுகளுக்கு முன், 2008 பிப்ரவரியில், அதே வளாகத்தில் உயிரை மாய்த்துக்கொண்டவர் சேலம் மாவட்டத்து செந்தில்குமார். பன்றி வளர்க்கும் பன்னியாண்டி சமூகத்திலிருந்து இயற்பியல் ஆய்வுக்குப் போனவர். அவருக்குக் கைடு ஒதுக்கப்படவில்லை. கோர்ஸ் ஒர்க்கில் ஒரு தாளில் தேறவில்லை, உதவித்தொகை அதோடு முடிச்சுப் போடப்பட்டிருந்தது. பிறகு வினோத் பவராலா தலைமையில் பல்கலைக்கழகம் அமைத்த குழுவே, அந்தத் துறையில் கோர்ஸ் ஒர்க், கைடு ஒதுக்கீடு ஆகியவற்றின் நடைமுறைகள் தெளிவாகவும் சீராகவும் இல்லை என்று எழுதியது. 2013 நவம்பரில் அங்கேயே மதாரி வெங்கடேஷ். அவருடைய வழக்கிலும் கைடு இல்லை, குழு இல்லை என்பதுதான் பேச்சாக இருந்தது. கோர்ஸ் ஒர்க்கும் குழுவும் கைடும் அலுவலகச் சடங்குகளாகத் தெரியலாம். நம்மவர்கள் இடறி விழுந்தது அங்கேதான்.

சில தோழர்கள் இந்தக் கூட்டங்களே கண்காணிப்பு, ஒழித்துக்கட்ட வேண்டும் என்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. குழு இல்லாவிட்டால் மிஞ்சுவது கைடு ஒருவரின் வாய்ச்சொல். எட்டு, பத்து ஆண்டுகள் கைடு வீட்டுக்குக் காய்கறி வாங்கிக் கொடுத்தவர்களின் கதைகள் உங்களுக்கும் தெரிந்திருக்கும். இப்போதைய விதி ஆய்வாளருக்குக் கற்பித்தலில் பயிற்சி வேண்டும் என்கிறது, வாரம் 4 முதல் 6 மணி நேரம் டுடோரியல், ஆய்வகம், மதிப்பீடு ஆகிய வேலைகளைத் தரலாம் என்கிறது. நல்ல விதி. என் துறையில் அந்தப் பயிற்சி எப்படிப் பிரிந்தது தெரியுமா? ஒருவருக்கு இளங்கலை வகுப்பு. எனக்கு வெளியூர் நிபுணருக்கு ரயில்வே ஸ்டேஷனில் ஆட்டோ பிடித்துக் கொடுப்பது, கூட்டத்துக்கு டீயும் வடையும் வாங்கி வருவது. யாருக்கு எது என்று யாரும் சாதி பார்த்துச் சொல்லவில்லை. சொல்லாமலே சரியாக அமைந்துவிட்டது.

"விதி எல்லோருக்கும் பொதுதானே" என்பவர்களுக்கு ஒன்று. ஜேஆர்எஃப் வாங்கியவருக்கு மாதம் 37,000 ரூபாய். மாநில அரசு ஆதிதிராவிட, பழங்குடி முழுநேர ஆய்வாளர்களுக்குத் தரும் ஊக்கத்தொகை ஆண்டுக்கு 1 லட்சம். இரண்டும் கிடைக்காதவர்கள் மாநிலப் பல்கலைக்கழகங்களில் நிறைய. இந்த மூவருக்கும் ஆறு மாதம் ஒரே ஆறு மாதம் ஆகிவிடாது.

அம்பேத்கரின் கதையை இந்தக் கோணத்திலும் படிக்கலாம். பரோடா உதவித்தொகை முடிந்ததால் 1917இல் லண்டன் ஆய்வைப் பாதியில் விட்டுத் திரும்பினார். நான்கு ஆண்டுக்குள் திரும்பி வந்து தொடரலாம் என்று பல்கலைக்கழகம் அனுமதி தந்திருந்தது. சிடனாம் கல்லூரியில் வேலை பார்த்துப் பணம் சேர்த்து, சாகு மகராஜின் உதவியும் பெற்று 1920இல் போனார். ஆய்வேட்டைத் திருத்தச் சொன்னார்கள், திருத்திக் கொடுத்தார், 1923இல் டி.எஸ்சி. வந்தது. அந்த நான்காண்டு அனுமதி கிடைக்காமல், "முன்னேற்றம் இல்லை" என்று எவரோ வாயால் சொல்லி முடித்திருந்தால்? அவர் அறிவில் குறை இருந்ததால் அல்ல, பணம் தீர்ந்ததால்தான் ஆய்வு நின்றது.

இதையெல்லாம் சொல்லி முடித்தபோது அந்தப் பெண் என் அம்மாவைப் பார்த்தாள். அவளுடைய அம்மாவும் அதே பாத்திகளில்தான் உப்பு வாருகிறார். 2013 ஏப்ரல் 25இல் எங்கள் ஊரில் தலித் வீடுகள் எரிக்கப்பட்டபோது அவள் பள்ளிச் சிறுமி. சான்றிதழை பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுக்க வசதியாகக் கதவோரம் வைக்கும் பழக்கம் எங்கள் தெருவில் இன்னமும் பல வீடுகளில் உண்டு. தாளின் மதிப்பு எங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஒரு நோட்டு வாங்கச் சொன்னேன். கைடைச் சந்தித்த நாள், அவர் சொன்னது, தான் கொடுத்த தாள், திருப்பிக் கொடுத்த தேதி, கற்பித்த மணிநேரம் எல்லாம் அதில் ஏற வேண்டும். கூட்டம் முடிந்த அன்றே, பேசியவற்றைச் சுருக்கி குழுவுக்கு மின்னஞ்சல் அனுப்ப வேண்டும். பரிந்துரை நகலை எழுத்தில் கேட்க வேண்டும். கேட்டால் கோபித்துக்கொள்வார்களே என்றாள். கோபித்துக்கொள்ளலாம். அதனால் தனியாகக் கேட்க வேண்டாம், உன்னோடு சேர்ந்தவர்கள் நான்கைந்து பேர் ஒரே கடிதத்தில் கேளுங்கள் என்றேன்.

நேற்று போன் செய்தாள். ஐந்து பேர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அப்படி நகல் கொடுக்கும் வழக்கமே இங்கே இல்லை என்றாராம் அலுவலகத்தில் இருந்தவர். "அதையும் எழுத்துல குடுங்க சார்னு கேட்டேன்ணா. உக்காருங்கன்னு சொல்லிட்டு உள்ள போனாரு."