பிறவிக் காப்பு என்னும் மயக்கம்

ஒரே நோய்க் கிருமிக்குப் பலமுறை ஆட்பட்டும் சிலரை அந்நோய் பற்றுவதில்லை. இதனை விதி என்றும் உடல்வாகு என்றும் கூறி அமைதல் உலக வழக்கு. எச்.ஐ.வி. கிருமியைப் பொறுத்தமட்டில் 1996-ஆம் ஆண்டில் இதற்குத் திட்டமான விளக்கம் ஒன்று கிடைத்தது. வைரஸ் தானாக உயிரணுவினுள் புக வல்லதன்று. வெள்ளணுவின் மேற்பரப்பிலுள்ள சி.டி.4 என்னும் ஏற்பியை அது முதலில் பற்றுகிறது, பின்னர் சி.சி.ஆர்.5 என்னும் மற்றொரு புரதத்தையும் பற்றினாலன்றிப் பெரும்பாலும் அதற்கு உள்ளே வழியில்லை. இப்புரதத்தை ஆக்கும் மரபணுவில் 32 கார இணைகள் குறைந்திருப்பின், புரதம் அரைகுறையாகவே உருவாகி, உயிரணுவின் மேற்பரப்பை எட்டாது நின்றுவிடுகிறது. தாய் தந்தை இருவரிடமிருந்தும் இக்குறையைப் பெற்றவரை வைரஸ் பெரும்பாலும் பற்றுவதில்லை. ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர் தொற்றுக்கு ஆளாவர். ஆயினும் அவர்க்கு நோய் முற்றுவது சற்றுத் தாமதப்படுகிறது.

இதனை ஆசிரியர் பூட்டும் திறவுகோலுமாக உவமித்து விளக்குவது எளிது. மாணவரும் விரும்பிக் கேட்பர். உவமை அத்துடன் நின்றுவிடுவதே குறை. சில வைரஸ் வகைகள் சி.சி.ஆர்.5-ஐ விடுத்து, சி.எக்ஸ்.சி.ஆர்.4 என்னும் வேறொரு புரதத்தின் வழியே புகுகின்றன. முன்வாயில் அடைபட்டாலும் பின்வாயில் உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். அன்றியும், மேற்கு நைல் வைரஸ் தொற்றியோருள் சி.சி.ஆர்.5 அற்றவர்க்கு நோய் கடுமையாக வெளிப்படும் வாய்ப்பு மிகுதி என 2006-இல் அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. அவ்வைரஸ் இந்தியாவிலும் உள்ளது. 2018-இல் சீன அறிவியலாளர் ஹெ ஜியான்குயி கருவிலேயே இம்மரபணுவைத் திருத்தியமைத்துக் குழந்தைகள் பிறந்த செய்தி வெளிவந்தபோது உலகெங்கும் கண்டனம் எழுந்தது. முறைகேடு ஒருபுறமிருக்க, ஒரு வாயிலை அடைப்பதால் வேறு என்ன கேடு விளையும் என்பதை அறியாமலே செய்த துணிவு அது.

களப்பணியாளர்க்கு இதனினும் முதன்மையான செய்தி ஒன்றுண்டு. வட ஐரோப்பிய வழியினருள் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவர் இக்குறையை இருவழியிலும் பெற்றவர். இந்திய மக்களிடையே அது மிக மிக அரிது. இந்நாட்டில் மிகுதியாகப் பரவியுள்ள சி வகை வைரஸோ பெரும்பாலும் சி.சி.ஆர்.5 வாயிலையே நாடுகிறது. ஆகவே, "எங்கள் இரத்தம் அப்படிப்பட்டது", "எங்கள் குலத்தார்க்கு வராது" என்று ஊரில் எழும் பேச்சுக்கு இவ்வாராய்ச்சியில் சிறிதும் ஆதாரம் இல்லை. பரிசோதனையில் ஒருவர் இருமுறை தொற்றின்றித் தேறினார் எனின், அதற்குப் பிறவிக் காப்பைக் காரணமாகக் கொள்ளலாகாது. ஒவ்வொரு தொடர்பிலும் தொற்று ஏற்பட்டே தீரும் என்பதில்லை, அவ்வளவே.

சி.சி.ஆர்.5-ஐ வைரஸ் பற்றாதவாறு தடுக்கும் மராவிரோக் என்னும் மருந்து 2007-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. ஆயினும் இங்கே உயிர்களைக் காத்து வருவது, 2004 முதல் அரசின் ஏ.ஆர்.டி. நிலையங்களில் இலவசமாக வழங்கப்படும் கூட்டு மருந்தேயாகும். மரபணுச் செய்தியை ஆவலுடன் கேட்டவர், பரிசோதனை எங்கே, எந்த நாளில் நடைபெறும் என்பதையும் அதே கூட்டத்தில் அறிந்து செல்லுமாறு களப்பணியாளர் பார்த்துக்கொள்ள வேண்டும்.