ஒரே குடும்பம்னா ஒரே தொட்டியா?

மீன் வளர்க்காத மக்கள் அடுத்த பதிவுக்குப் போயிடலாம். வளர்க்கிறவங்க திட்டுறதா இருந்தா முழுசா படிச்சுட்டுத் திட்டுங்க :-)

சிதம்பரத்துல ஒரு கடை. ரெண்டடி தொட்டி வாங்க வந்தவருக்கு ஒரு ஃப்ளவர்ஹார்ன், ஒரு ஆஸ்கார், ஒரு ஜோடி ஏஞ்சல், நாலு மஞ்சள் மலாவி, எல்லாத்தையும் கவர்ல கட்டிக் கொடுத்தார் கடைக்காரர். "எல்லாமே சிக்லிட் சார், ஒரே ஃபேமிலி, ஒண்ணும் பண்ணிக்காது." கடைக்காரர் வியாபாரி, விட்டுடலாம். விவரம் தெரிஞ்ச நம்ம ஆளுங்களும் இதையே எழுதுறதுதான் எனக்குக் கடுப்பு.

சிக்லிட் குடும்பத்துல 1,600க்கும் மேல இனங்கள் இருக்கு. நம்ம காட்டுமன்னார்கோயில் சந்தையில வாங்கிக் குழம்பு வைக்கிற ஜிலேபி கெண்டையும் அதுல ஒண்ணு. குடும்பப் பேரை வச்சு சேர்க்கிறதுன்னா ஏஞ்சலோட ஜிலேபியையும் விட வேண்டியதுதானே?

ஏஞ்சலும் ஆஸ்காரும் அமேசான் பக்கத்து மீன். மென்மையான, கொஞ்சம் அமிலத் தன்மையுள்ள தண்ணி அதுங்களோடது. மலாவி ஏரித் தண்ணி கடினமானது, பிஹெச் எட்டை ஒட்டி நிக்கும். ஏதோ ஒரு நடுத் தண்ணியில ரெண்டும் உயிரோட இருக்கும், ஒத்துக்கறேன். உயிரோட இருக்கிறது வேற, நல்லா இருக்கிறது வேற. சாப்பாடும் அப்படித்தான். மலாவி பாறை மீன்கள்ல பெரும்பாலானது பாசி மேயுற சாதி. ஆஸ்காருக்குப் போடுற இறைச்சியைத் தின்னு வயிறு உப்பிச் செத்தா "வியாதி வந்துடுச்சு"ன்னு மருந்து ஊத்துறோம்.

அடுத்து ஃப்ளவர்ஹார்ன். வாஸ்து மீன்னு சொல்லி விக்கிறாங்களே, அதேதான். எந்த ஆத்துலயும் இயற்கையா கிடையாது, 1990கள்ல மலேசியாவுல கலப்பு பண்ணி உருவாக்கினது. ஒரு அடி வரைக்கும் வளரும். ரெண்டடிக்கு ஓரடிக்கு ஓரடி தொட்டியில மொத்தமே 56 லிட்டர் தண்ணிதான். அதுல அது திரும்பவே இடம் பத்தாது, பக்கத்து வீட்டுக்காரனுக்கு எங்க இடம்?

"நிறைய மீன் போட்டா சண்டை பிரிஞ்சு போயிடும்"னு ஒரு வாதம் வரும். மலாவி மீன்களுக்கு அது உண்மைதான். ஆனா அது நாலடி, அஞ்சடி தொட்டி, வலுவான ஃபில்டர், வாராவாரம் தண்ணி மாத்துற கை, இத்தனையும் வச்சிருக்கிறவங்க சொல்ற பேச்சு. அதுவும் ஒரே ஏரி மீன்களுக்குள்ள. இதுல பாதி வாக்கியத்தை மட்டும் எடுத்துக்கிட்டு வந்து புதுசா ஆரம்பிக்கிற பையனுக்குச் சொல்லாதீங்க.

சண்டை முத்தினதும் என்ன நடக்குது? அடி வாங்கினது செத்துடும். அடிச்சது வாளியில ஏறி வீராணத்துக்கோ வடவாத்துக்கோ போகுது. கேட்டா "கொல்ல மனசு வரலைங்க" புண்ணியம். ஜிலேபி கெண்டை இந்தியாவுக்குள்ள வந்தது 1952ல. சோத்துக்கு ஆகும்னுதான் கொண்டு வந்தாங்க. குளம், ஏரி, கழிமுகம்னு பரவி, இன்னிக்கு உலகத்தோட மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்கள் பட்டியல்ல இருக்கு. முட்டையை வாய்க்குள்ள வச்சு அடைகாக்கிற மீனை யார் என்ன பண்ண முடியும்? வீராணம் நம்ம வயலுக்கும், 2004லேர்ந்து சென்னை குழாய்க்கும் தண்ணி தர்ற ஏரி. அது உங்க தொட்டியோட குப்பைக்கூடை இல்லை.

ரெண்டு சிக்லிட் இனம் சேர்ந்து வாழுறதைப் பார்க்கணும்னு ஆசையா? வெள்ளாத்துக் கழிமுகத்துல பாருங்க, பரங்கிப்பேட்டை பக்கம். மலையாளிகள் கரிமீன்னு கொண்டாடுற மீன் அங்க இருக்கு. அதோட சின்னச் சொந்தம் ஆரஞ்சு குரோமைடு, மலையாளத்துல பள்ளத்தி, தென்னிந்தியாவுலயும் இலங்கையிலயும் இருக்கிற மீன். (இந்தச் சொந்தங்களோட அடுத்த பங்காளிகள் மடகாஸ்கர்ல!) இலங்கையில இந்த ரெண்டையும் கவனிச்ச வைமன், வார்டுங்கிற ஆராய்ச்சியாளர்கள், சின்னது பெரியதோட உடம்பைச் சுத்தம் பண்ணி விடுதுன்னு 1972ல எழுதினாங்க. அதே சின்னதுதான் பெரியதோட முட்டையையும் குஞ்சையும் தின்னும். இயற்கையில கூட்டுக்குடித்தனம்னா அவ்வளவுதான். ஆத்துல ஓட இடம் இருக்கு, தொட்டியில கண்ணாடி இருக்கு.

அதனால கரிமீனை விடுங்க, பெருசா வளரும். மூணடி தொட்டி இருந்தா ஆரஞ்சு குரோமைடு மட்டும் ஆறேழு வைங்க. குஞ்சுங்க அப்பா அம்மா உடம்புல இருக்கிற கொழகொழப்பைக் கொத்தித் தின்னு வளர்றதைப் பார்த்தா எந்த ஃப்ளவர்ஹார்னும் வேணாம்னு தோணும். உப்பங்கழியில பிடிச்சதை ஒரே நாள்ல நல்ல தண்ணிக்கு மாத்தாதீங்க, நாள் கணக்குல கொஞ்சம் கொஞ்சமா மாத்துங்க.

மறுப்பு சொல்ல வர்றவங்க பின்னூட்டத்துல முதல் வரியிலயே தொட்டி அளவையும், எத்தனை மாசமா அந்தக் கூட்டம் உயிரோட இருக்குன்னும் போட்டுட்டு ஆரம்பிங்க.