உணவு வண்டி: கைப்பக்குவம் இருக்கிறது, நிற்க இடம் இருக்கிறதா?

தமிழகத்தின் சிறு நகரங்களில் மஃரிபு தொழுகைக்குப் பிறகு கடைத்தெருவின் தோற்றமே மாறிவிடுகிறது. சிறிய சரக்கு வாகனத்தின் பின்பகுதியைச் சமையல் மேடையாக மாற்றி, விளக்குப் போட்டு, பிரியாணி, சுக்கா, சமோசா, கட்லெட், ஷவர்மா விற்கும் வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றை நடத்துபவர்களில் கணிசமானோர் நம் சமுதாயத்து இளைஞர்கள். வளைகுடாவிலிருந்து ஊர் திரும்பியவர்கள், படித்தும் வேலை அமையாதவர்கள், கடை வாடகையும் முன்பணமும் கட்ட முடியாமல் வண்டிக்கு மாறியவர்கள் என்று பலரும் இதில் இருக்கிறார்கள்.

'வீட்டில் அரைத்த மசாலா', 'செக்கு எண்ணெய்', 'நம்மூர் அரிசி' என்று எழுதிய பலகைகளையும் இப்போது அதிகம் பார்க்கிறோம். பாக்கெட் மசாலாவின் ஒரே சுவையில் சலித்துப்போன மக்கள் இதைத் தேடி வருகிறார்கள். இது நல்ல வாய்ப்பு என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒரு குடும்பத்தின் சேமிப்பையும் நகையையும் போட்டுத் தொடங்கும் இந்தத் தொழில், ஆறு மாதப் பரபரப்போடு முடிந்துவிடாமல் நிலைக்க என்ன வேண்டும்? பொருள், பணம், இடம், நம்பிக்கை ஆகிய நான்கையும் நாம் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

நம்மிடம் இருக்கும் மூலதனம்

நாகூர் வாடா, கீழக்கரைத் தொதல், கடற்கரை ஊர்களின் வட்டிலப்பம், சீரகச் சம்பாவில் ஆக்கிக் கத்தரிக்காயோடு பரிமாறும் ஆம்பூர் பிரியாணி என்று ஊருக்கு ஒரு பக்குவம் நம்மிடம் உண்டு. இவை எந்தச் சமையல் கல்லூரியிலும் கற்றவை அல்ல. உம்மாவிடமிருந்தும் மாமியிடமிருந்தும் கை வழியாக வந்தவை. பெரிய உணவகங்கள் பணம் கொடுத்தாலும் எளிதில் வாங்க முடியாத மூலதனம் இது.

மூலப்பொருளும் தொலைவில் இல்லை. ராமநாதபுரம் முண்டு மிளகாய் 2023-ல் புவிசார் குறியீடு பெற்றது. ஈரோட்டு மஞ்சள் 2019-லேயே பெற்றுவிட்டது. காய்கறியை விவசாயியிடமே வாங்க 1999 முதல் உழவர் சந்தைகள் இருக்கின்றன. வண்டிக்காரர் மிளகாயையும் மல்லியையும் வாங்கிக் காயவைத்து, தெருமுனை மாவு மில்லில் அரைத்தால், அந்தப் பணம் விவசாயிக்கும் மில்காரருக்கும் போய் ஊருக்குள்ளேயே சுற்றுகிறது. இறைச்சியை மஹல்லாவில் தெரிந்த கடையில் வாங்கும்போது, அறுத்தவர் யார், எப்போது அறுத்தது என்பதும் நேரடியாகத் தெரிகிறது. ஹலால் பற்றிக் கேட்பவருக்குக் காகிதச் சான்றைவிட இது தெளிவான பதில்.

ஆனால் எல்லாவற்றையும் உள்ளூரில் கையால் செய்வது கட்டுப்படியாகாது. செக்கு எண்ணெயில் கட்லெட் பொரித்தால் விலை எங்கோ போய்விடும். வாடிக்கையாளர் நாக்கில் வேறுபாடு தெரியும் இடங்கள் சில உண்டு. மசாலா, இறைச்சி, அரிசி, தொட்டுக்கொள்ளும் சட்னி ஆகிய நான்கில் கைவேலையைக் காட்டிவிட்டு, மற்றதைச் சந்தையில் வாங்குவதே புத்திசாலித்தனம். பதினைந்து வகை எழுதிய பலகையைவிட, மூன்று வகை மட்டும் சுடச்சுடக் கொடுக்கும் வண்டியில் மிச்சமும் குறைவு, வீணாவதும் குறைவு.

கணக்கில் வராத கைகள்

இங்கே நாம் பேசத் தயங்கும் ஒன்று இருக்கிறது. 'வீட்டில் அரைத்தது' என்ற பலகைக்குப் பின்னால் ஒரு பெண் இருக்கிறார். லுஹருக்கு முன்பே இஞ்சி பூண்டு உரித்து, வெங்காயம் நறுக்கி, இறைச்சி கழுவி, மசாலா வறுத்து வைப்பவர் அவர். இரவு வண்டி திரும்பியதும் பாத்திரம் கழுவுவதும் பெரும்பாலும் அவர்தான். ஆனால் இலாபக் கணக்கில் அவருடைய உழைப்புக்கு ஒரு ரூபாய்கூட எழுதப்படுவதில்லை.

இது நியாயம் பற்றிய கேள்வி மட்டும் அன்று, தொழில் கணக்கின் பிழையும்கூட. அவர் நோயுற்றாலோ, பிரசவத்துக்குப் போனாலோ வண்டி நின்றுவிடும். கூலிக்கு ஆள் வைத்தால் இலாபம் காணாமல் போகும். அதாவது, இருந்ததாக நினைத்த இலாபம் உண்மையில் அவருடைய கொடுக்கப்படாத கூலி. மார்க்கம் பெண்ணின் சம்பாத்தியத்தை அவளுக்கே உரியதாக வைத்திருக்கிறது. அதைப் பேசும் நம் வீடுகளில், உணவு வண்டியின் கணக்குப் புத்தகத்தில் அவருக்கு ஒரு பத்தி ஒதுக்குவது முதல் நாளிலிருந்தே நடக்க வேண்டும்.

கைப்பக்குவமும் சுத்தமும்

வீட்டில் செய்தது என்பதாலேயே ஓர் உணவு பாதுகாப்பானதாகிவிடாது. 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயதுச் சிறுமி உயிரிழந்த செய்தி நம் எல்லோரையும் உலுக்கியது. பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுத் தடை விதித்தது. அந்த மயோனைஸில் பெரும்பகுதி கடையிலேயே கையால் அடித்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

வண்டியில் தண்ணீர் குறைவு, குளிர்பதன வசதி குறைவு, புழுதி அதிகம். எனவே ஓட்டலைவிடக் கூடுதல் கவனம் தேவை. நிறப்பொடி சேர்க்காத பிரியாணி, அன்றன்றைக்கு வாங்கிய இறைச்சி, கைகழுவத் தனித் தண்ணீர் என்பவை அடிப்படை. பொரித்த எண்ணெயை மறுபடி மறுபடி சுடவைக்கக் கூடாது. அதில் சேரும் கேடான சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் பயன்படுத்தக் கூடாது என்று 2018 முதல் விதி இருக்கிறது. செய்தித்தாளில் வடை மடித்துக் கொடுப்பதும், 2019 முதல் தமிழகத்தில் தடைசெய்யப்பட்ட பிளாஸ்டிக் பைகளும் இனி வேண்டாம். வாழை இலையும் மந்தாரை இலையும் நம் பிரியாணிக்குப் புதியவை அல்லவே.

உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவும் கட்டாயம். சிறு வியாபாரிகளுக்கு உரிமத்தைவிட எளிதான பதிவு முறை இருக்கிறது. பதிவு எண்ணை வண்டியில் தெரியும்படி எழுத வேண்டும். இதை ஓர் அலைச்சலாகப் பார்க்காமல், நாளை ஒரு புகார் வந்தால் நம் பக்கம் நிற்கும் முதல் ஆவணமாகப் பார்ப்போம்.

வட்டியில் உருளும் சக்கரம்

பல வண்டிகள் முதல் ஆண்டிலேயே நின்றுபோவதற்குச் சமையல் காரணமாக இருப்பதில்லை. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இவை உதாரண எண்களே. நாளுக்கு 60 பொட்டலம், ஒன்று 100 ரூபாய் என்றால் விற்பனை 6,000. மளிகை, இறைச்சி, எரிவாயு, இலை, தண்ணீர், உதவியாள் எல்லாம் சேர்த்து 4,450 போனால் மீதி 1,550. வீட்டுப் பெண்ணின் உழைப்புக்கு 400 எடுத்து வைத்தால் 1,150.

இப்போது வண்டியை 5 லட்சம் கடனில், 12 சதவீத வட்டியில், நான்கு ஆண்டுத் தவணையில் வாங்கியதாக வைத்துக்கொள்வோம். மாதத் தவணை சுமார் 13,170 ரூபாய். மாதம் 25 நாள் வியாபாரம் என்றால் நாளுக்கு 525 ரூபாய்க்கு மேல் தவணைக்கே போகிறது. மிஞ்சுவதில் ஏறத்தாழப் பாதி! நான்கு ஆண்டு முடிவில் வட்டியாக மட்டும் 1.3 லட்சம் கட்டியிருப்பார். ஐப்பசி மழையில் பத்து நாள் வண்டி எடுக்க முடியாவிட்டாலும் தவணை நிற்காது.

வட்டி ஹராம் என்பது நமக்குத் தெரியும். அது ஏன் ஏழையை நசுக்குகிறது என்பது இந்தக் கணக்கில் கண்ணெதிரே தெரிகிறது. மத்திய அரசின் பி.எம். ஸ்வநிதி திட்டம் 2020 ஜூனில் தொடங்கியது. 2025 ஆகஸ்டில் திருத்தப்பட்ட பிறகு, 15,000, 25,000, 50,000 என்று மூன்று கட்டமாகச் சாலையோர வியாபாரிகளுக்குக் கடன் தருகிறது. 7 சதவீத வட்டி மானியம் உண்டு என்றாலும் மீதி வட்டி வியாபாரியின் தலையில்தான். இதனால் நம்மில் பேணுதலானவர்கள் அந்தத் திட்டத்தை அணுகுவதே இல்லை. அணுகாதவருக்கு நாம் என்ன மாற்று வைத்திருக்கிறோம் என்பதே சமுதாயத்தின் முன் உள்ள கேள்வி.

நிற்க இடம்

சட்டம் இங்கே நமக்குச் சாதகமாக இருக்கிறது. ஆனால் அது பலருக்குத் தெரியவில்லை. 2014-ம் ஆண்டுச் சாலையோர வியாபாரிகள் சட்டம், இடம்விட்டு இடம் நகர்ந்து விற்பவரையும் வியாபாரியாக ஏற்கிறது. கணக்கெடுப்பு நடத்தி விற்பனைச் சான்றிதழ் தர வேண்டும், கணக்கெடுப்பு முடியும் முன் யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது, அப்புறப்படுத்துவதானால் 30 நாள் அறிவிப்புத் தர வேண்டும் என்கிறது. பொருளைப் பறிமுதல் செய்தால் பட்டியல் கொடுக்க வேண்டும். உரியவர் கேட்டு, கட்டணம் செலுத்தினால், அழுகும் பொருளை அன்றைக்கே திருப்பித் தர வேண்டும், மற்றவற்றை இரண்டு வேலை நாளுக்குள் தர வேண்டும்.

இன்னும் முக்கியமானது, சான்றிதழ் வழங்குவதில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், பெண்கள், மாற்றுத் திறனாளிகளோடு சிறுபான்மையினருக்கும் முன்னுரிமை தர வேண்டும் என்று அந்தச் சட்டமே சொல்கிறது. எந்தத் தெருவில் விற்கலாம் என்று முடிவெடுக்கும் நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாத இடம் வியாபாரிகளுக்கு. அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு. சிறுபான்மையினருக்கும் உரிய பிரதிநிதித்துவம் வேண்டும். நம் ஊர்க் குழுவில் நம் வியாபாரிகள் எத்தனை பேர் என்று விசாரித்துப் பார்த்திருக்கிறோமா?

அதே சட்டத்தில் ஒரு நிபந்தனையும் உண்டு. சான்றிதழ் பெறுபவர் தானோ தன் குடும்பத்தாரோதான் விற்க வேண்டும். வேறு வாழ்வாதாரம் இருக்கக் கூடாது. இடத்தை வாடகைக்கு விடக் கூடாது. துபாயில் வேலை பார்த்துக்கொண்டே ஊரில் இரண்டு வண்டி போட்டு ஆள் வைத்து நடத்த நினைப்பவருக்கு இந்தச் சட்டம் துணை நிற்காது. இன்னொன்று, மோட்டார் வாகனத்தின் உடலமைப்பை மாற்றினால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் அனுமதி பெற்று, பதிவுச் சான்றில் குறிப்பிட வேண்டும். இதைச் செய்யாத வண்டி விபத்தில் சிக்கினால் காப்பீட்டுத் தொகைக்கும் சிக்கல் வரலாம். எனவே முதலில் தள்ளுவண்டியில் தொடங்கி, இடமும் வாடிக்கையும் உறுதியான பிறகு வாகனத்துக்கு மாறுவதே பாதுகாப்பான வழி.

பெயரும் நம்பிக்கையும்

2024 ஜூலையில் உத்தரப் பிரதேசத்தில் காவடி யாத்திரைப் பாதையில் உள்ள உணவுக் கடைகள் உரிமையாளரின் பெயரை எழுத வேண்டும் என்று உத்தரவிட்டார்கள். என்ன உணவு என்பதைச் சொன்னால் போதும், பெயரை எழுதும்படி வற்புறுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் ஜூலை 22 அன்று இடைக்காலத் தடை விதித்தது. தமிழகத்திலும் 2022 மே மாதம் ஆம்பூரில் அறிவிக்கப்பட்ட பிரியாணித் திருவிழா, மாட்டிறைச்சி பிரியாணிக்கு இடமில்லை என்ற சர்ச்சைக்குப் பின் மழையைக் காரணம் காட்டித் தள்ளிவைக்கப்பட்டது. யார் சமைத்தது, எதைச் சமைத்தது என்பது அரசியலாகும் காலம் இது.

ஆனாலும் நம் வண்டியின் முன்னால் இரவில் நிற்பவர்களில் எல்லாச் சமயத்தவரும் இருக்கிறார்கள். இந்த உறவைக் காப்பது வெளிப்படைத்தன்மைதான். சமைப்பது கண்ணுக்குத் தெரியட்டும். ஆடா, மாடா, கோழியா என்று தெளிவாக எழுதியிருக்கட்டும். சைவம் கேட்பவருக்குத் தனிக் கரண்டி இருக்கட்டும். தானியக் குவியலுக்குள் கைவிட்டுப் பார்த்து, ஈரமானதை அடியில் மறைத்து வைத்த வியாபாரியை நபிகள் நாயகம் (ஸல்) கண்டித்த நிகழ்வு நாம் சிறுவயதில் மதரஸாவில் கேட்டது. நேற்றைய இறைச்சியை இன்றைய மசாலாவில் மறைப்பதும் அதே வகைதான்.

ஜமாஅத்துகள் என்ன செய்யலாம்?

பல ஊர்களில் பைத்துல்மால்கள் வட்டியில்லாக் கடன் கொடுத்து வருகின்றன. கல்யாணத்துக்கும் மருத்துவத்துக்கும் கொடுப்பதோடு, தள்ளுவண்டி வாங்கவும் முதல் மாத மளிகைக்கும் சிறு தொகை ஒதுக்கலாம். பெரிய வண்டிக்கு முளாரபா முறையில் வசதியுள்ளவர் முதலும் உழைப்பவர் கைப்பக்குவமும் போட்டு, இலாபத்தை முன்பே பேசிய விகிதத்தில் பிரித்துக்கொள்ளலாம். மழை நாளில் தவணை கேட்டு யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள்.

இரண்டாவதாக, ஜும்ஆவுக்குப் பிறகு ஒரு மணி நேரம் போதும். உணவுப் பாதுகாப்புப் பதிவு, விற்பனைச் சான்றிதழ் விண்ணப்பம், வாகன மாற்ற அனுமதி ஆகியவற்றுக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கப் படித்த இளைஞர்கள் நான்கு பேர் முன்வரலாம். மூன்றாவதாக, பத்து வண்டிக்காரர்கள் சேர்ந்து மிளகாய், மல்லி, அரிசியை ஒன்றாகக் கொள்முதல் செய்தால் விலையும் குறையும், தரமும் ஒன்றாக இருக்கும். அந்த மசாலாவை அரைத்துக் கொடுக்கும் பொறுப்பை ஊரிலுள்ள விதவைகளும் கைவிடப்பட்டவர்களும் கூலிக்கு ஏற்றால், ஒரு வண்டியால் பல வீட்டு அடுப்பு எரியும்.

கைப்பக்குவத்தை நமக்கு அல்லாஹ் தாராளமாகத் தந்திருக்கிறான். வட்டியில்லா முதலும், சட்டம் தந்த இடமும், கணக்கில் நேர்மையும் அதோடு சேர வேண்டும். அடுத்த ரமலானுக்குள் நம் மஹல்லாவில் ஒரே ஒரு குடும்பத்துக்காவது இவை மூன்றையும் ஒன்றுசேர்த்துக் கொடுக்க முடியுமா என்று ஒவ்வொரு ஜமாஅத்தும் பேசத் தொடங்கினால், இன்ஷா அல்லாஹ், அந்தக் குடும்பத்தின் ரிஸ்க்கில் பரக்கத் உண்டாகும்.