பூட்டுப் போட்ட பெட்டி

பழைய காரில் ஈசியூ பொருத்தினால் அதன் 'ஆன்மா' போய்விடுமாம். இப்படிச் சொல்கிறவர்களில் பாதிப்பேர் அந்தக் காரில் வேலைக்குப் போகாதவர்கள். ஞாயிறு காலை துடைத்து, படம் பிடித்து, மறுபடியும் துணி போர்த்திவிடுகிறவர்கள்.

பழங்கார்களுக்கான உலகக் கூட்டமைப்பு ஃபிவா. அதன் வரையறைப்படி வண்டிக்கு 30 வயதாகியிருக்க வேண்டும், வரலாற்றுக்குப் பொருந்திய நிலையில் இருக்க வேண்டும், அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படக் கூடாது. மூன்றாவதைக் கவனியுங்கள். பாலோவில் ஒருவர் பழைய புரோட்டோன் சாகாவில் தினமும் செம்பனைக் காட்டுக்குப் போய் வந்தால் அது கிளாசிக் இல்லை. ஓடுவதுதான் அது செய்த குற்றம்!

சரி, 'அசல்' என்றால் எது? 1985 ஜூலையில் வெளிவந்த சாகாவே மிட்சுபிஷி லான்சர் ஃபியோரேயின் உடம்பு, 1.3 லிட்டர் இஞ்சினும் மிட்சுபிஷியுடையது. நம் ஊர்ப் பட்டறைகளில் அது உயிர் பிழைத்ததே கிடைத்த சாமானைப் பொருத்தித்தான்.

கார்ப்பரேட்டர் அழகான ஏற்பாடு, மறுக்கவில்லை. குறுகிய தொண்டையில் காற்று வேகமெடுக்கும், அழுத்தம் குறையும், அந்த இழுப்பில் ஜெட் வழியாகப் பெட்ரோல் வரும். ஆனால் தண்டு தேய்ந்து காற்று கசிய ஆரம்பித்தால், காதால் கேட்டே சரிசெய்கிற ஃபோமன் வேண்டும். அவர்களுக்கு வயசாகிவிட்டது. பிள்ளைகள் சிங்கப்பூரில்.

ஈசியூ கேட்பது வேறு. கிராங்க் புல்லியில் 36 பல்லுக்கு இடம் வைத்து ஒன்றை விட்டுவிட்ட சக்கரம். பல்லுக்குப் பல் 10 டிகிரி, அந்த இடைவெளிதான் அதற்கு அடையாளம். கூடவே காற்றழுத்த சென்சார், தண்ணீர்ச் சூடு சென்சார். இவற்றை வைத்து இன்ஜெக்டர் எத்தனை மில்லி விநாடி திறக்க வேண்டும் என்று அது கணக்குப் போடும். பம்ப் சுமார் 3 பார் அழுத்தத்தில் தள்ளும் என்பதால் பழைய பெட்ரோல் ஹோஸ் ஆகாது. அதில் மிச்சம் பிடித்தால் கார் எரியும், ஆன்மாவும் சேர்ந்து.

டியூனிங் கடைக்காரர்களே, ரொம்பத் துள்ள வேண்டாம். உங்களிடம்தான் என் முக்கியமான சண்டை.

கார்ப்பரேட்டருக்கு பாஸ்வேர்டு கிடையாது. ஸ்குரூ டிரைவர் வைத்திருந்த எவரும் திறக்கலாம். நீங்களோ 16க்கு 16, 256 கட்டங்களில் பெட்ரோல் கணக்கை நிரப்பிவிட்டுப் பூட்டிவிடுகிறீர்கள். பெட்டிக்கும் கூலிக்கும் காசு கொடுத்தவன் தன் இஞ்சின் கணக்கைப் பார்க்க முடியாது. கேட்டால் 'எங்கள் உழைப்பு' என்கிறீர்கள். தையற்காரரும்தான் உழைக்கிறார், பட்டனுக்குப் பூட்டா போடுகிறார்? நாளைக்கு நீங்கள் கடையை மூடினால், பாலோக்காரர் 100 கிலோமீட்டருக்கு மேல் இழுவை லாரியில் ஜொகூர் பாருவுக்கு வந்து யாரிடம் நிற்பது?

வேறு வழி இல்லாமலில்லை. 2001இல் புரூஸ் போலிங்கும் ஆல் கிரிப்போவும் வடிவமைத்த மெகாஸ்குவர்ட்டை நாமே சால்டரிங் செய்து பூட்டலாம். ஆர்டுயினோவில் ஓடும் ஸ்பீடுயினோவின் நிரலும் சர்க்யூட்டும் திறந்தே கிடக்கின்றன. படித்து வேலை தேடும் நம் பையன்கள் லேப்டாப்போடு தோட்டத்துப் பட்டறையில் உட்கார இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியவில்லை.

ஆகவே பணம் கொடுக்கும் முன் மேப் ஃபைலை பென்டிரைவில் கேளுங்கள், பாஸ்வேர்டை ரசீதிலேயே எழுதச் சொல்லுங்கள். முடியாது என்றால் காரைத் தள்ளிக்கொண்டாவது வெளியே வந்துவிடுங்கள்.