செரங்கெட்டி டென்ட் சஃபாரி: சீப் கோட்டேஷன்ல யார் காசு குறையுது?



ஆப்பிரிக்கா சஃபாரின்னாலே பணக்காரங்க சமாச்சாரம்னு நினைக்கிறோம். லாட்ஜ்ல தங்கினா அது உண்மைதான். டென்ட்ல தங்குற மாதிரி போனா, ஒழுங்கா சேமிக்கிற ஒரு சம்பளக்காரர் ரெண்டு மூணு வருஷம் ஆர்டி போட்டுப் போயிட்டு வரலாம். (பர்சனல் லோன் வாங்கிப் போறதை நான் எப்பவும் ஒத்துக்க மாட்டேன்.) பிரச்சினை என்னன்னா, அந்த டென்ட் சஃபாரியிலயும் இன்னும் சீப்பா கிடைக்குமான்னு தேடுறோம். அது தப்புன்னு சொல்லத்தான் இந்தப் பதிவு.

கணக்கைப் பாருங்க. தான்சானியாவுல இருக்கிற செரங்கெட்டி தேசியப் பூங்காவுக்கு, வெளிநாட்டுக்காரர் ஒருத்தருக்கு சீசன்ல ஒரு நாள் கட்டணம் 70 டாலர். பப்ளிக் கேம்ப்சைட்ல டென்ட் போட ராத்திரிக்கு 30 டாலர். ரெண்டுக்கும் மேல 18% வாட். மொத்தம் 118 டாலர். டாலர் 88 ரூபாய்னு வெச்சா 10,384 ரூபாய். இது அரசாங்கத்துக்குப் போற காசு. எந்த ஆபரேட்டராலயும் இதைக் குறைக்க முடியாது.

இப்ப ஒருத்தர் "ஒரு நாளைக்கு 13,000, எல்லாம் உள்பட"ன்னு கோட் குடுக்கிறார்னு வைங்க. மிச்சம் 2,600 ரூபாய் சொச்சம். அதுல டீசல், ஜீப் தேய்மானம், மூணு வேளை சாப்பாடு, டிரைவர், சமையல்காரர், கம்பெனி லாபம். எப்படிங்க வரும்?

நானே இதுல ஏமாந்தேன். பிப்ரவரியில போயிருந்தோம். தெற்கு செரங்கெட்டி புல்வெளியில வில்டிபீஸ்ட் குட்டி போடுற சீசன். பிறந்த கொஞ்ச நேரத்துலயே குட்டி எழுந்து ஓடுது, அந்தப் பக்கம் கழுதைப்புலி காத்துக்கிட்டு நிக்குது. ராத்திரி செரோனேரா கேம்ப்சைட். வேலியே கிடையாது. டென்ட் துணிக்கு வெளிய கழுதைப்புலி கூவுற சத்தம் கேட்டா பாத்ரூம் வர்றதுகூட நின்னுடும். ஆனா காலையில 5 மணிக்கு எங்க சமையல்காரர் சூடா டீயோட நிப்பார்.

கடைசி நாள் அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "சார், டிப்ஸை ஆபீஸ்ல குடுக்காதீங்க, எங்க கையில குடுங்க. இந்த ட்ரிப்புக்கு எங்களுக்கு அதுதான் சம்பளம்."

ஆர்டிகிள்ஷிப்ல வவுச்சர் வவுச்சரா டிக் அடிச்சவன் நான். அந்தக் கோட்டேஷனைப் பிரிச்சுப் பார்க்கவே இல்லை. நாலு கோட்டேஷன்ல எது கம்மின்னு மட்டும் பார்த்தேன்.

காசு மிச்சம் பிடிக்க வேற நல்ல வழி இருக்கு. இங்கோரோங்கோரோ பள்ளத்துக்குள்ள இறங்க ஒரு வண்டிக்கு 250 டாலர், வாட் சேர்த்து 295. ரெண்டு பேர் போனா தலைக்கு 147.50. ஆறு பேர் சேர்ந்தா 50 டாலருக்குள்ள முடிஞ்சிடும். அதனால வண்டியை ஷேர் பண்ணுங்க. கென்யா பக்கம் மசாய் மாராவுக்கு ஜூலையிலிருந்து டிசம்பர் வரை ஒரு நாள் கட்டணம் 200 டாலர், ஜனவரியிலிருந்து ஜூன் வரை அதுல பாதிதான். ஆகஸ்ட்ல ஆத்தைக் கடக்கிற காட்சியைப் பார்த்தே ஆகணும்னு பிடிவாதம் இல்லைன்னா மாசத்தை மாத்துங்க.

இன்னொண்ணு. இங்க இருக்கிற ஏஜென்ட்கிட்ட பேக்கேஜா வாங்கினா டிசிஎஸ் பிடிப்பாங்க. அதைச் செலவுல சேர்க்காதீங்க. 26ஏஎஸ்ல ஏறியிருக்கான்னு பார்த்து ரிட்டர்ன்ல எடுத்துக்கலாம்.

கோட்டேஷன் கேட்கும்போது அரசுக் கட்டணம், வண்டி, ஆட்களோட சம்பளம், மூணையும் தனித்தனியா எழுதித் தரச் சொல்லுங்க. அடுத்த பிப்ரவரிக்கு நான் மூணு பேர்கிட்ட கேட்டேன். ஒருத்தர் மட்டும்தான் சமையல்காரர் தினக்கூலியைத் தனி ஐட்டமா போட்டிருந்தார். மூணுலயும் அவர் விலைதான் ஜாஸ்தி. அவருக்குத்தான் அட்வான்ஸ் அனுப்பியிருக்கேன்.