மரத்தின் விருந்தினர்

மரத்தின்மேல் குடில் அமைத்துத் தங்குவதைச் சுற்றுலாப் பயணிகள் இன்று பெரிதும் விரும்புகின்றனர். கென்யா நாட்டில் 1932ஆம் ஆண்டு ஓர் அத்திமரத்தின்மேல் ‘ட்ரீடாப்ஸ்’ என்னும் விடுதி எழுந்தது. 1952 பிப்ரவரியில் இளவரசி எலிசபெத் அங்குத் தங்கியிருந்த இரவில் அவர்தம் தந்தையார் காலமானார். இளவரசியாக மரமேறியவர் அரசியாக இறங்கினார் என்னும் செய்தியால் அவ்விடுதி உலகப் புகழ் பெற்றது.

மரத்தின்மேல் வாழ்வது தமிழர்க்குப் புதியதன்று. குறிஞ்சி நிலத்து மக்கள் தினைப்புனத்தைக் காக்கப் பரண் அமைத்தனர். அதற்கு ‘இதணம்’ என்பது பழம்பெயர். கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் தலைவியும் தோழியும் மரத்தின்மீதுள்ள இதணத்தில் ஏறிக் கிளிகளை ஓட்டுகின்றனர். அப்பரண் பயிரைக் காத்தது, மரத்தை அழிக்கவில்லை.

நிக்கோபார் மக்களின் வீடும் இத்தகைய அறிவின் விளைவே. தூண்களின்மேல் வட்டமாக எழுப்பி, குவிந்த கூரையைப் புல்லாலும் ஓலையாலும் வேய்ந்து, ஏணி வழியாக ஏறும் வீடு அது. ஈரமும் பூச்சிகளும் எளிதில் அணுகா; கடற்காற்று தரையின் அடியிலும் உலவும். 2004 டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலை கரையோரச் சிற்றூர்களை வாரிச் சென்றது. பின்னர் அரசு தகரக் கூரையிட்ட குடியிருப்புகளை அமைத்துத் தந்தது. அவ்வுதவி வேண்டியதே; ஆயினும் வட்ட வீடுகள் அருகின. கட்டுவதற்கு வாய்ப்புக் குறைந்தால் கட்டும் திறனும் குறையும்.

இன்று சுவராஜ் தீவு முதலிய இடங்களில் மரங்களுக்கிடையே தூண்களின்மேல் நிற்கும் ஓலைக்குடில்களைப் பயணிகள் நாடுகின்றனர். இவற்றால் தீவினர் பலர்க்கு வேலை கிடைக்கிறது. சமையல், படகு, கட்டுமானம் ஆகிய தொழில்களில் தமிழ்க் குடும்பங்களும் பிழைக்கின்றன. ஆகவே, இவ்விடுதிகள் வேண்டா என்று ஒரே சொல்லில் ஒதுக்குவது முறையன்று.

எனினும், வருவாய் தரும் என்பதால் எதுவும் தகும் என்பதும் முறையன்று. மரம் ஆண்டுதோறும் பருக்கும். இறுகக் கட்டிய கம்பி அதன் பட்டையை நெரிக்கும். வேர்ப்பகுதியில் மண் மிதிபட்டு இறுகினால், நீரும் காற்றும் வேருக்குச் சேரா. சிறு தீவில் நன்னீரும் அளவுடையது. விருந்தினர் வீணாக்கும் நீர் ஊராரின் குடத்தில் குறையும்.

எனவே, மரவிடுதிக்கு மூன்று நெறிகள் இன்றியமையாதவை. முதலாவது, குடிலின் பாரத்தைத் தனித்தூண்கள் தாங்கவேண்டும். மரம் வளர இடைவெளி விடவேண்டும். இரண்டாவது, மழைநீரைச் சேமித்துக் கழிவை முறையாக அகற்றவேண்டும். மூன்றாவது, தீவின் கட்டடக் கலையைப் பயன்படுத்துவோர் அதனை அறிந்த மக்களுக்கு மதிப்பும் தக்க ஊதியமும் தரவேண்டும். நிக்கோபார்த் தீவுகளில் பழங்குடியினர் வாழும் பகுதிகள் 1956ஆம் ஆண்டின் ஒழுங்குமுறையால் காக்கப்படுகின்றன. அனுமதியின்றி வெளியார் அங்குச் செல்லலாகாது. அவர்களின் வீட்டைக் காட்சிப்பொருளாக்காமல், அவர்களின் திறனைப் போற்றுவதே அறம்.

இவை நடவாத கனவுகள் அல்ல. சுவீடனின் ஹராட்ஸ் என்னும் சிற்றூரில் 2010ஆம் ஆண்டு மரவிடுதி ஒன்று திறக்கப்பட்டது. அதில் ஓர் அறையின் சுவர்கள் காட்டையே எதிரொளிக்கும் கண்ணாடியால் ஆனவை. பறவைகள் மோதி இறவாதிருக்க, அவற்றின் கண்ணுக்குப் புலப்படும் படலம் அக்கண்ணாடியில் பதிக்கப்பட்டுள்ளது. பறவைக்காக இத்துணை எண்ணியோர் உளர் எனில், படாக் மரத்திற்காகவும் அதன் நிழலில் வாழும் மக்களுக்காகவும் எண்ணுவது அந்தமானுக்கு அரிதன்று.

விருந்தினர் சில நாள் தங்கிச் செல்வர். மரமும் ஊரும் அங்கேயே நிற்கும். விருந்தினர் சென்ற பின்னும் மரம் தழைக்குமாயின், அதுவே நல்ல விடுதி.