மேசைமேற் படரும் வெண்மூட்டம்

மாரி காலம் பிறந்துவிட்டால் இல்லங்களில் எழும் முறைப்பாடுகளுள் ஒன்று, மெருகிட்ட தளபாடங்களிற் காணும் வெண்மூட்டம். புதிதாக லாக்கர் பூசிய அலுமாரி, உலரும்போதே பால் தெளித்தாற்போல வெளுத்துவிடுகின்றது. பாட்டனார் காலத்து முதிரை மேசையிலோ, சூடான தேநீர்க் கோப்பை வைத்த இடத்தில் வெள்ளை வளையமொன்று பதிந்துவிடுகின்றது. உடனே தச்சரை அழைத்து, மெருகு முழுவதையும் சுரண்டச் செய்வோர் பலர். இது பெரும்பாலும் வேண்டாத செலவு; பழைய மெருகையும் வீணே இழக்கச் செய்வது.

முதலில் கறையின் நிறத்தை நோக்குக. வெண்மையாயின், பழுது மெருகில் மாத்திரமே உள்ளது. கருமையாயின், நீர் மரத்தினுட் சென்றுவிட்டது. மரத்திலுள்ள தனின் இரும்போடு சேர்ந்து உண்டாக்கும் கறை அது. தச்சரை அழைக்க வேண்டிய இடம் அதுவே. வெண்மையோ தோலில் வந்த தேமல் போன்றது, எலும்பைத் தொட்டதன்று.

இவ்வெண்மை எவ்வாறு தோன்றுகின்றது? 1920களில் மோட்டார் வண்டிகளுக்குப் பூசப்பெற்றுப் புகழடைந்த நைத்திரோசெலுலோசு லாக்கர், விரைந்து ஆவியாகும் கரைப்பான்களிற் கரைந்திருப்பது. அவை ஆவியாகும்போது பரப்பின் வெப்பத்தைக் கவர்ந்து செல்கின்றன. நெற்றியிற் பூசிய ஓடிக்கொலோன் குளிர்வதும் இதனாலேயே. குளிர்ந்த பரப்பிற் காற்றின் நீராவி பனியெனப் படிந்து, உலராத மெருகினுள் அகப்படுகின்றது. அங்கே உண்டாகும் நுண்ணிய இடைவெளிகள் ஒளியைச் சிதறச் செய்கின்றன. தெளிந்த நீர் நுரையாகும்போது வெளுப்பதும் இவ்வாறே. நுரை அடங்கினால் நீர் தெளியும். ஈரம் வெளியேற வழிவிட்டால் மெருகும் தெளியும். பரிகாரங்கள் யாவும் இவ்வழியைத் திறப்பனவே.

புதிய பூச்சாயின், முதலிற் பொறுத்திருங்கள். வரண்ட காற்றுப் படும்படி ஓரிரு நாள் விட, மென்மூட்டம் தானே கலைதல் கூடும். கலையாவிடின், மெதுவாக ஆவியாகும் தின்னரை மழையற்ற நாளொன்றில் மென்பனிபோல விசிறுக. கடைகளில் இதனை ‘ரிட்டாடர்’ என்பர். மெருகு சற்றே இளகி, அகப்பட்ட ஈரத்தை விடுத்து மீண்டும் இறுகும். துணியால் துடைத்தலாகாது. விளக்கோ அடுப்போ எரியும் இடத்தில் இவ்வேலையைச் செய்யவே கூடாது; தின்னரின் ஆவி எளிதில் தீப்பற்றும்.

பழைய மேசையின் வளையத்திற்கு எளியதிலிருந்து தொடங்குக. ஓரிரு நாள் காத்திருந்தும் மறையாவிடின், உலர்ந்த பருத்தித் துணியை விரித்து, இளஞ்சூடான ஸ்திரிப்பெட்டியைச் சில விநாடிகள் மாத்திரம் வைத்து எடுத்துப் பாருங்கள். சூடு மிகின் மெருகு கொப்புளிக்கும். அடுத்து, வெண்ணிறப் பற்பசை சிறிதைத் தேங்காயெண்ணெயிற் குழைத்து, மெல்லிய துணியால் மரத்தின் நார் ஓடும் திசையில் மென்மையாகத் தேய்த்துத் துடைக்கலாம். இவையும் பயனளிக்காவிடின், ஸ்பிரிட்டில் நனைத்து நன்றாகப் பிழிந்த பஞ்சுப் பொதியால், தொட்டும் தொடாமலும் ஒருமுறை வருடுக. அரக்கைக் கரைத்துப் பூசிய மெருகு ஸ்பிரிட்டில் இளகும் இயல்பினது. ஆதலின் பொதி ஓரிடத்தில் நிற்றலாகாது. மேசையின் அடிப்புறத்தில் முன்னரே சோதித்துப் பார்ப்பது நன்று.

வருமுன் காப்பது இதனினும் எளிது. மழை பெய்யும் நாளிலும், பனி இறங்கும் காலை மாலைகளிலும் லாக்கர் பூச வேண்டாம். வெயில் ஏறிய முற்பகலே உகந்தது. தடித்த பூச்சொன்றினும் மெல்லிய பூச்சுகள் பல சிறந்தவை. கோப்பையின் கீழ் ஒரு பின்னற் தட்டு இருக்கட்டும்.

சுரண்டிய மெருகு திரும்பி வராது. சுரண்டுமுன் இரண்டு நாள் பொறுத்தலால் எவர்க்கும் நட்டமில்லை.